ஃபெர்மோரைட்: பேரைப் பறிகொடுத்த ஒரு கல்லும் நம்ம ஊர்ப் பாறையும்

மக்களே, இந்தப் பதிவுல சினிமா இல்லை, அரசியல் இல்லை, கும்மியடிக்க மேட்டரும் இல்லை. கல்லைப் பத்தின பதிவு. "கல்லுல என்னய்யா இருக்கு?"ன்னு இப்பவே மூடிட்டுப் போறவங்களுக்கு ஒரு தகவல்: இதுல விஷம் இருக்கு, பல் இருக்கு, ஒரு கோர்ட் தீர்ப்பு இருக்கு, சீனியரை ஓரங்கட்டிட்டு ஜூனியருக்குப் பதவி கொடுத்த கதையும் இருக்கு. அதனால கொஞ்சம் பொறுமையா வாங்க.

கல்லோட பேரு ஃபெர்மோரைட். பிறந்த ஊர் சீதாபார். அன்றைய மத்திய மாகாணத்துல சிந்த்வாரா மாவட்டம், இன்னைக்கு மத்தியப் பிரதேசம். அங்கே மாங்கனீசு தாது வெட்டி எடுத்துக்கிட்டிருந்த இடத்துல, கருப்புத் தாதுக்கு நடுவுல வெளிறிய ரோஸும் வெள்ளையும் கலந்த மாதிரி மெல்லிய கோடா ஓடின ஒரு கனிமம். பெரிய படிகமா, மோதிரத்துல வைக்கிற மாதிரி எல்லாம் இல்லை. கடினம் சுமார் 5, அதாவது கத்தி முனையால அழுத்திக் கீறினா கோடு விழும். எடை தண்ணியைப் போல மூன்றரை மடங்கு. பார்த்தா மயங்கி விழுற அழகு கிடையாது. ஆனா உள்ளே இருக்கற விஷயம் அபூர்வம்: சுண்ணாம்புச் சத்தான கால்சியம், கூடவே ஸ்ட்ரான்ஷியம், அதோட ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் ஒரே கட்டடத்துல ஒண்ணா குடியிருக்கு.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல கனிமப் பிரிவுல இருந்த ஜார்ஜ் தர்லண்ட் ப்ரயரும் ஹெர்பர்ட் ஸ்மித்தும் இதை ஆராய்ஞ்சு 1910-11 வாக்கில் புதுக் கனிமம்னு அறிவிச்சாங்க. அதே கட்டுரையில இன்னொரு ஆர்சனேட்டும் வருது. டைலசைட்னு பேரு. கால்சியம், மெக்னீசியம், ஆர்சனேட், ஃபுளோரின் சேர்ந்தது. அது முதல்ல ஸ்வீடன் நாட்டு லாங்பான் சுரங்கத்துல கிடைச்சு 1895-ல் பேர் வாங்கினது. நம்ம நாட்டு ஜாபுவா பகுதியில கஜ்லிடோங்ரி மாங்கனீசு சுரங்கத்துல அதோட படிகங்கள் கிடைச்சுது. ஆக ஒரே கட்டுரையில ரெண்டு இந்திய ஆர்சனேட்.

ஆர்சனிக்னா பாஷாணம்தானே?

ஆமா. நம்ம ஆளுங்களுக்கு இது புதுசே இல்லை. சித்த மருத்துவச் சரக்குல தாளகம், மனோசிலை, கௌரி பாஷாணம்னு வரிசையா வருமே, அத்தனையும் ஆர்சனிக் சரக்குதான். தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. மஞ்சளா இருந்தா தாளகம், சிவப்பா இருந்தா மனோசிலை.

தாளகத்துக்கு இன்னொரு பேர் அரிதாரம். நம்ம கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவங்களுக்கு இந்த வார்த்தை உடனே பிடிபடும். கூத்தாடி முகத்துல பூசுற வண்ணத்துக்கே அரிதாரம்னு பேர் நின்னுபோச்சு. ஒரு காலத்துல அந்த மஞ்சள் ஒரு கல்லுல இருந்து வந்ததுன்றதை வார்த்தை இன்னும் ஞாபகம் வெச்சிருக்கு. (இப்ப யாரும் முகத்துல ஆர்சனிக் பூசறதில்லை, பயப்படாதீங்க.) இங்கிலீஷ்காரன் சொல்ற 'ஆர்சனிக்'கும் இதே கதைதான். பாரசீகத்துல இந்த மஞ்சள் கல்லுக்கு இருந்த பேர் கிரேக்கம் வழியா சுத்தி வந்து ஆர்சனிக் ஆச்சு. உலகம் முழுக்க இந்தத் தனிமத்துக்குப் பேர் கொடுத்தது தாளகம்தான்.

சரி, ஆர்சனேட்னா? ஒரு ஆர்சனிக் அணுவைச் சுத்தி நாலு ஆக்சிஜன் அணு உட்கார்ந்திருந்தா அது ஆர்சனேட். ஒரு பாஸ்பரஸைச் சுத்தி நாலு ஆக்சிஜன் இருந்தா அது பாஸ்பேட். தனிம அட்டவணையில பாஸ்பரஸுக்கு நேர் கீழ்வீட்டுல இருக்கறது ஆர்சனிக். உருவத்துல, குணத்துல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. இதுதான் எல்லா வம்புக்கும் காரணம்.

நம்ம உடம்புல சாப்பாட்டை சக்தியா மாத்தற இடத்துல பாஸ்பேட்டுக்குன்னு ஒரு நாற்காலி போட்டிருக்கு. ஆர்சனேட் வந்தா உடம்பு "வாங்க தம்பி, உங்க அண்ணன் மாதிரியே இருக்கீங்களே"ன்னு அதே நாற்காலியில உட்கார வெச்சிடுது. உட்கார்ந்தவரால அண்ணனோட வேலையைச் செய்ய முடியாது. சக்தி வரவேண்டிய இடத்துல வராம வீணாப்போகுது. ஆர்சனிக் விஷமாகறதுக்கு இது ஒரு வழி. வேற வழிகளும் இருக்கு.

இதே ஆள்மாறாட்டம் கல்லுக்குள்ள நடந்தா அது ஃபெர்மோரைட். ஒரே வித்தியாசம், உடம்புல நடந்தா ஆள் காலி, கல்லுல நடந்தா புதுக் கனிமம் :-)

உங்க பல்லும் இதே வீடுதான்

ஃபெர்மோரைட் சேர்ந்த குடும்பத்துக்குப் பேர் அப்பட்டைட். பேரைப் பார்த்து அந்நியமா நினைக்க வேண்டாம். உங்க பல், எலும்பு எல்லாத்துக்கும் அடிப்படைச் சரக்கு ஹைட்ராக்சி அப்பட்டைட்தான். ஐந்து கால்சியம், மூன்று பாஸ்பேட், ஒரு ஹைட்ராக்சில். அந்த மூன்று பாஸ்பேட் இடத்துல ஆர்சனேட் நிறைய வந்து உட்கார்ந்தா ஃபெர்மோரைட் ஜாதி. ஹைட்ராக்சில் இடத்துல ஃபுளோரின் வந்தா ஃபுளோர் அப்பட்டைட்.

அப்பட்டைட் வீடு ஒரு லாட்ஜ் மாதிரி. ரூம் நம்பர் மாறாது, ரூம்ல தங்கறவங்க மாறிக்கிட்டே இருப்பாங்க.

"இதெல்லாம் எங்கேயோ சீதாபார்ல"ன்னு நினைச்சா, கல்வராயன் மலைக்கு மேற்கே கொஞ்ச தூரம் போய்ப் பாருங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்கள்ல பழுப்புக் கறை படிஞ்ச பல்லோட எத்தனை பேரைப் பார்த்திருப்பீங்க? நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம். அது வர்றது அங்கே இருக்கற பாறைகள்ல இருந்துதான். அப்பட்டைட், பயோடைட், ஹார்ன்பிளண்ட் மாதிரி கனிமங்கள் மெல்ல மெல்லக் கரைஞ்சு கிணத்துல கலக்குது. ஒரு லிட்டர்ல 1.5 மில்லிகிராமைத் தாண்டினா ஆபத்துன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வருஷக்கணக்கா குடிச்சா முதல்ல பல், அப்புறம் எலும்பு, மூட்டு. சின்ன வயசுலயே முதுகு வளைஞ்சு போனவங்க உண்டு. இதுக்காகத்தான் ஜப்பான் கடனுதவியோட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013-ல் தொடங்கி வெச்சாங்க. காவிரித் தண்ணியை அங்கிருந்து குழாய்ல கொண்டுபோறதுக்குக் காரணம் தண்ணிப் பஞ்சம் மட்டும் இல்லை, காலடியில இருக்கற கல்லும்தான்.

வங்காளத்துக் கதை இதைவிடக் கொடுமை. குளத்துத் தண்ணியால பேதியும் காலராவும் வருதுன்னு நல்ல மனசோட லட்சக்கணக்குல அடிபம்பு போட்டாங்க. மண்ணுக்குள்ள இரும்புத் துருவோட ஒட்டிக்கிட்டிருந்த ஆர்சனிக், பிராணவாயு இல்லாத ஆழத்துல துரு கரையறப்ப தண்ணியில விடுபட்டுடுச்சு. 1983-ல் மேற்கு வங்காளத்துல தோல் மருத்துவர் கே.சி. சாகா நோயாளிகளோட தோலைப் பார்த்து இது ஆர்சனிக்னு அடையாளம் கண்டார். எல்லையைத் தாண்டி வங்கதேசத்துல கோடிக்கணக்கான ஜனங்க அந்தத் தண்ணியைத்தான் குடிச்சுக்கிட்டிருந்தாங்கன்னு அப்புறமா தெரிஞ்சுது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வெச்சிருக்கற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரு கிராமை லட்சம் பங்கு போட்டு அதுல ஒரே ஒரு பங்கு.

அதனால "கல்லைப் பத்தித் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது"ன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் இதுதான். நீங்க குடிக்கற தண்ணி எந்தக் கல்லைத் தொட்டுட்டு வருதுன்னு தெரியாம இருக்கறதுக்கு ஒரு விலை இருக்கு. அந்த விலையைப் பல்லாலயும் முதுகெலும்பாலயும் கட்ட வேண்டியிருக்கு.

பேர் வெச்ச கதை

இப்ப பதிவோட மெயின் மேட்டருக்கு வர்றேன். ஃபெர்மோரைட்னு ஏன் பேர்?

லூயிஸ் லீ ஃபெர்மோர்னு ஒருத்தர். 1880-ல் பிறந்த இங்கிலீஷ்காரர். 1902-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கு வேலைக்கு வந்தார். நாடு முழுக்க மாங்கனீசு சுரங்கங்களைச் சுத்தி 1909-ல் ஆயிரம் பக்கத்துக்கு மேல ஒரு ஆய்வறிக்கை எழுதினார். பின்னாடி அந்தத் துறைக்கே இயக்குநர். 1935-ல் தொடங்கின இந்தியத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு, அதாவது இன்னைக்கு இந்தியத் தேசிய அறிவியல் அகாடமின்னு இருக்கே அதுக்கு, முதல் தலைவர். கல்லு அவர் பேரை வாங்கினதுல எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. உழைச்ச மனுஷன்.

ஆனா இந்தப் பேர்ச் சங்கிலியைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க, சுவாரசியமா இருக்கும்.

கல்கத்தாவுல 1690-ல் வந்திறங்கின கம்பெனி ஆள் ஜாப் சார்னாக். அவர் கல்லறைக்குப் போட்ட கல் நம்ம மெட்ராஸ் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை. இருநூறு வருஷம் கழிச்சு அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ஞ்ச தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அந்தப் பாறைக்குச் சார்னோக்கைட்னு பேர் வெச்சார். கல் நம்ம ஊர்க் கல், பேர் கல்லுக்குக் கீழே படுத்திருந்தவரோட பேர். ஹாலண்ட் பின்னாடி துறை இயக்குநர் ஆனார். அவர் பேரை ஃபெர்மோர் கஜ்லிடோங்ரி கனிமம் ஒண்ணுக்கு வெச்சார், அது ஹாலண்டைட். ஃபெர்மோர் பேரை ப்ரயர் வெச்சார், அது ஃபெர்மோரைட். ப்ரயர் பேர்ல ஏற்கெனவே ப்ரயரைட்னு ஒண்ணு இருந்தது. ஹெர்பர்ட் ஸ்மித் பேர்ல 2004-ல் ஹெர்பர்ட்ஸ்மிதைட் வந்தது. மொய் எழுதற மாதிரி இவர் அவருக்கு, அவர் இவருக்கு :-)

ஊர்ப் பேர் வெச்ச கல்லே இல்லையான்னு கேட்டா, இருந்தது. சீதாபாரைட். ஃபெர்மோரே வெச்ச பேர். ஆனா 1940-கள்ல ஆராய்ஞ்சப்ப, அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல 1897-லயே கண்டுபிடிச்ச பிக்ஸ்பைட்டும் இதுவும் ஒண்ணுதான்னு தெரிஞ்சுபோச்சு. முன்னாடி வெச்ச பேருக்கே உரிமைன்னு விதி. சீதாபாரைட் அவுட். வ்ரெடன்பர்கைட்னு இன்னொண்ணு. அது ரெண்டு கனிமங்களோட கலவைன்னு தெரிஞ்சு அதுவும் அவுட். ப்ரயரைட்டும் கூட இன்னைக்கு ஈஷினைட்னு வேற பேர்ல இருக்கு.

இதெல்லாம் நியாயமான அவுட். நான் எதிர்க்கலை.

2010-ல் நடந்தது

ஃபெர்மோரைட் விஷயத்துக்கு வருவோம். 1980-ல் அமெரிக்காவுல நியூஜெர்சி மாநிலத்து ஃப்ராங்க்ளின் ஊர்ல இருந்து ஒரு கனிமத்தை அறிவிச்சாங்க. ஜான்பாமைட். அங்கே சுரங்கக் கம்பெனியில நிலவியலாளரா இருந்த ஜான் லீச் பாமை கௌரவிச்சு வெச்ச பேர். கால்சியம் ஆர்சனேட் அப்பட்டைட். 1991-ல் பழைய ஃபெர்மோரைட் மாதிரியை எடுத்து எக்ஸ்ரே வெச்சுப் படிக அமைப்பைப் பார்த்தாங்க. ஃபெர்மோரைட்டும் அதே ரசாயன வகைதான், ஆனா படிகம் கொஞ்சம் சாய்ஞ்ச அமைப்புல இருக்குன்னு தெரிஞ்சுது. ஜான்பாமைட் ஆறு பக்கச் சீர்மை, ஃபெர்மோரைட் அந்தச் சீர்மை குறைஞ்ச ஒற்றைச்சரிவு.

2010-ல் மார்கோ பசெரோ முதலானவங்க அப்பட்டைட் குடும்பம் முழுமைக்கும் பேர்ப்பட்டியலைச் சீர்திருத்தினாங்க. ஒரே ரசாயனம், படிகச் சீர்மை மட்டும் மாறுதுன்னா தனிப் பேர் வேண்டாம், பின்னாடி ஒரு எழுத்துப் போட்டாப் போதும்னு முடிவு. அதன்படி ஃபெர்மோரைட் இனிமே 'ஜான்பாமைட்-எம்'.

கவனிச்சீங்களா? சீதாபாரைட் விஷயத்துல "முன்னாடி வந்த பேருக்கே உரிமை"ன்னு சொல்லி நம்ம ஊர்ப் பேரை எடுத்தாங்க. சரி. ஃபெர்மோரைட் ஜான்பாமைட்டைவிட எழுபது வருஷம் சீனியர். இங்கே அந்த உரிமை செல்லலை. பின்னாடி வந்தவர் வீட்டுக்காரர், முன்னாடி வந்தவர் வால் எழுத்தோட ஒட்டுத்திண்ணை.

இதுக்கு அவங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லணும், இல்லைன்னா பின்னூட்டத்துல கும்மிடுவீங்க. சாதாரணமா அதிகமாக் கிடைக்கிற, சீர்மை கூடின வடிவத்துக்கு முழுப் பேர், திரிஞ்ச வடிவத்துக்கு வால் எழுத்துங்கறது படிக்கறவங்களுக்கு வசதி. 'ஜான்பாமைட்-எம்'னு கேட்ட உடனே "ஓ, ஜான்பாமைட்டோட சொந்தக்காரன்"னு புரிஞ்சிடும். ஃபெர்மோரைட்னு சொன்னா புரியாது. அதே பட்டியல்ல கிளைனோமிமெடைட்டும் மிமெடைட்-எம் ஆச்சு. அப்போ இந்தியாவுக்கு எதிரா யாரும் சதி பண்ணலை. பேர் இழந்தவரும் நம்ம ஆள் இல்லை, அவரும் இங்கிலீஷ்காரர்தான். "வெள்ளைக்காரன் பேரை வெள்ளைக்காரன் எடுத்தான், உனக்கென்ன ஓய்?"னு கேக்கலாம்.

எனக்கு என்னன்னா, சீனியாரிட்டி விதியை ஒரு இடத்துல வேதவாக்கா வெச்சுட்டு இன்னொரு இடத்துல வசதிக்காக ஒதுக்கறது சரியில்லை. 'ஃபெர்மோரைட்'டை முழுப் பேராவும் ஆறு பக்க வடிவத்தை அதுக்கு வால் எழுத்தாவும் வெச்சிருந்தாலும் இதே வசதி கிடைச்சிருக்கும். ஒழுங்குங்கறது தேவை. ஆனா ஒழுங்கு பண்றப்ப எந்தப் பேர் நிக்கணும், எது போகணும்ங்கறது அறிவியல் மட்டும் எடுக்கற முடிவு இல்லை. அது மனுஷங்க உட்கார்ந்து எடுக்கற முடிவு. அந்த மேஜையில யார் இருக்காங்கங்கறது முக்கியம்.

இன்னொண்ணும் சொல்றேன். பட்டியல்ல அடிச்சுட்டா பேர் செத்துடும்னு இல்லை. சார்னோக்கைட்டை அடையாளம் காட்டற கனிமத்துக்கு ஹைப்பர்ஸ்தீன்னு பேர். 1988-ல் பைராக்சீன் பட்டியலைத் திருத்தினப்ப அந்தப் பேரை எடுத்துட்டாங்க. ஆனாலும் சார்னோக்கைட்னு பேச்சு வந்தா நிலவியல்காரங்க வாயில இன்னும் ஹைப்பர்ஸ்தீன் வருது. ஏன்? பேசறதுக்கு ஆள் இருக்கு. மறுபக்கம் பாருங்க, ஜாப் சார்னாக் கல்கத்தாவை நிறுவினவர் இல்லைன்னு 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றமே சொல்லிடுச்சு. நகரத்துக்கு அப்பாங்கற பட்டம் போச்சு. பல்லாவரத்துக் கல்லுல மட்டும் அவர் பேர் அப்படியே உட்கார்ந்திருக்கு.

ஃபெர்மோரைட்டுக்கும் சீதாபாருக்கும் பேச இங்கே ஆள் இல்லை. அதுதான் நிஜமான பிரச்சினை.

ஃப்ராங்க்ளினும் வடக்கனந்தலும்

ஜான்பாமைட் பிறந்த ஃப்ராங்க்ளினைப் பாருங்க. சில ஆயிரம் பேர் வாழற சின்ன ஊர். சுரங்கத்தை 1954-லயே மூடிட்டாங்க. ஆனா அந்த ஊருக்குன்னு ஒரு கனிம அருங்காட்சியகம் இருக்கு. அங்கேயும் பக்கத்து ஸ்டெர்லிங் ஹில்லுலயும் சேர்த்து 350-க்கும் மேற்பட்ட கனிம வகைகள் பதிவாகியிருக்கு. உள்ளூர்க்காரங்க, சுரங்கத்துல வேலை பார்த்தவங்க, ஞாயித்துக்கிழமை சுத்தியலோட கிளம்பற பொழுதுபோக்கு ஆளுங்க எல்லாரும் கழிவுக் குவியல்ல பொறுக்கி, துண்டுச் சீட்டு ஒட்டி, எடுத்து வெச்சாங்க. அதனாலதான் அந்த ஊர்க் கல்லுக்கு அந்த ஊர் மனுஷர் பேர் வந்தது, நிலைச்சும் நிக்குது.

ஃப்ராங்க்ளின் மாதிரி ஒரு ஊர்தான் நம்ம வடக்கனந்தலும். கோமுகி அணைக்கும் கல்வராயன் மலைக்கும் காலடி. சாப்பாட்டுக் கடையில உட்கார்ந்தாலே மலை தெரியும். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. கலெக்டர் ஆபீஸ் வந்தது. எல்லாம் சந்தோஷம். ஆனா "இந்த மலை என்ன கல்லு?"ன்னு பத்தாவது படிக்கற பையனைக் கேளுங்க. "கருங்கல்"னு சொல்வான். தப்பில்லை. நம்ம ஊருக்கு எல்லாமே கருங்கல்தான். ஜல்லியா ஒரு யூனிட் என்ன விலைன்னு மேஸ்திரிங்க உடனே சொல்வாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை யாருக்கும் தெரியாது.

கல்வராயன் மலைப் பாறைகள்ல பெரும்பாலானது சார்னோக்கைட்டும் நைஸும். பரங்கிமலைச் சார்னோக்கைட்டை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமா அறிவிச்சு வெச்சிருக்காங்க. அதே ஜாதிப் பாறை நம்ம கொல்லைப்புறத்துல மலையா நிக்குது. சுமார் 250 கோடி வருஷத்துக்கு முந்தினது. பூமிக்கு உள்ளே இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேல வெந்து, அப்புறம் மேல இருந்த பாறையெல்லாம் கரைஞ்சு போனதுக்கப்புறம் வெளியே வந்தது. புதுசா உடைச்ச துண்டைப் பாருங்க, எண்ணெய் தடவின மாதிரி ஒரு கருநீலப் பளபளப்பு இருக்கும். அதுதான் அடையாளம். கோமுகியில கால் நனைக்கறப்ப நீங்க மிதிக்கற மணல் இந்த மலை கரைஞ்ச மிச்சம்.

(டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் கோணிப்பையும் கடப்பாரையும் எடுத்துக்கிட்டு ஃபெர்மோரைட் தேடி வெள்ளிமலைக்குப் போகாதீங்க. அதுக்கு மாங்கனீசும் ஆர்சனிக்கும் சேர்ந்த வேற மாதிரிச் சமையல் வேணும். அதோட, காட்டுக்குள்ள கல்லு உடைக்கப்போனா வனத்துறை வேற மாதிரி வரவேற்பு கொடுக்கும்.)

நான் சொல்ல வர்றது ரொம்பச் சின்னது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலயும் ஒரு மரப்பெட்டி. அதுல அந்த ஊரைச் சுத்தி அஞ்சு கிலோமீட்டர்ல கிடைக்கிற பத்துக் கல்லு. ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு: எந்த இடத்துல எடுத்தது, எந்தத் தேதி, ஊர்க்காரங்க என்ன பேர் சொல்றாங்க, புத்தகத்துல என்ன பேர். செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். கல்லை வீட்டுல இருந்தே பசங்க கொண்டு வருவாங்க. கிணறு வெட்டின இடத்து மண்ணு, போர் போட்ட இடத்துல வெளியே வந்த தூள், எல்லாம் சேரும். போர்வெல் தூளைக்கூட நாம குப்பையாத்தான் கொட்டறோம். எத்தனை அடியில எந்தப் பாறை வந்ததுன்னு எழுதி வெச்சா, நாளைக்கு இந்தத் தண்ணியில என்ன இருக்கும்னு யோசிக்க அதுதான் முதல் துப்பு. தருமபுரிக்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அந்தத் துப்போட மதிப்பு என்னன்னு சொல்வாங்க.

சீட்டுல இடத்தோட பேர் இருக்கணும்ங்கறதுல நான் பிடிவாதமா இருக்கேன். ஏன்னா கனிமப் பேர் மாறும். ஃபெர்மோரைட் போய் ஜான்பாமைட்-எம் வரும், நாளைக்கு அதுவும் மாறலாம். ஆனா லண்டன்ல பத்திரமா எடுத்து வெச்சிருந்த மாதிரியோட 'சீதாபார்'னு எழுதியிருந்ததாலதான் எண்பது வருஷம் கழிச்சு எக்ஸ்ரே வெச்சு மறுபடி பார்க்க முடிஞ்சுது. பேரை எடுத்துட்டாங்க, ஊரை எடுக்க முடியலை. ஃபெர்மோரைட் கதையில எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். கல்லையும் ஊர்ப் பேரையும் சேர்த்து வெச்சவன் ஜெயிச்சான்.

தமிழ்ப் பேருக்கும் ஒரு வார்த்தை. உடனே "சார்னோக்கைட்டுக்குத் தூய தமிழ்ல என்ன?"ன்னு கலைச்சொல் சண்டை ஆரம்பிக்க வேண்டாம். அதுக்கு முன்னாடி, இருக்கற பேர்களைச் சேர்ப்போம். ஓடைக்கல், வெங்கச்சங்கல்லு, சுக்கான்கல், காக்காப்பொன்னு, ஜல்லிமண்ணுன்னு ஊருக்கு ஊர் எத்தனை வார்த்தை. வெங்கச்சங்கல்லுன்னா குவார்ட்ஸ், காக்காப்பொன்னுன்னா மைக்கா. கல்லு உடைக்கறவங்க, கிணறு வெட்டறவங்க, உரல் கொத்தறவங்க வாயில இருக்கற வார்த்தைகள் அந்தத் தொழிலோட சேர்ந்து மறையுது. அரிதாரம் ஒரு கல்லோட பேர்னு கூத்துக்காரர் மறந்த மாதிரி, நாளைக்கு இதெல்லாம் அகராதியில மட்டும் இருக்கும்.

லண்டன்லயும் பீசாவுலயும் உட்கார்ந்து பேர்ப்பட்டியல் போடறவங்களைக் குறை சொல்றது ஈஸி. நானும் மேலே நல்லாத்தான் சொல்லியிருக்கேன் :-) ஆனா அவங்க வேலையை அவங்க செஞ்சாங்க. பட்டியல்ல நம்ம ஊர்ப் பேர் நிக்கணும்னா அதுக்காகப் பேச, கல்லைக் கையில வெச்சிருக்கற ஆள் நம்ம பக்கத்துல வேணும். அந்த ஆள் எட்டாவது படிக்கற காலத்துல ஒரு மரப்பெட்டியைத் திறந்து பார்த்திருக்கணும்.

சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொடர் பதிவுன்னே வெச்சுக்குங்க. உங்க ஊர்ல எந்தக் கல்லு, ஊர்க்காரங்க அதுக்கு என்ன பேர் சொல்றாங்க, அதை எதுக்குப் பயன்படுத்தறாங்க, உங்க கிணத்துத் தண்ணி உப்பா, இனிப்பா, பல்லுல கறை பிடிக்குமா, ஒரு பதிவு எழுதுங்க. ஒரு போட்டோ, இடத்தோட பேர் கட்டாயம். சேலத்துக்காரங்க வெள்ளைக்கல் மேட்டைப் பத்தி எழுதலாம். அரியலூர்க்காரங்க கடல் சிப்பி ஃபாசிலைப் பத்தி எழுதலாம். பல்லாவரத்துல இருக்கறவங்க தினமும் பஸ்ல தாண்டற மலையைப் பத்தி எழுதலாம். ஈழத்துல, மலேசியாவுல இருக்கற நண்பர்கள் உங்க மண்ணைப் பத்தி எழுதுங்க. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடலை, எல்லாரையும் கூப்பிட்டாச்சு.

பின்னூட்டத்துல முதல்ல உங்க ஊர்ப் பேர், அப்புறம் கல்லோட பேர். நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்: வடக்கனந்தல், சார்னோக்கைட், ஊர் வழக்குல கருங்கல்.